இலவச அலமாரி எங்க முடியுது? கதை எழுத வர்றவங்களுக்கு ஒரு இணைய வரலாறு

நம்ம நிகழ்ச்சிக்கு வர்ற வாய்ஸ் மெசேஜ்கள்ல ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "கதை எழுத ஆசையா இருக்கு. தமிழ்ல கத்துக்க ஆன்லைன்ல ஏதாவது இருக்கா?" கேக்கறவங்க மனசுல இருக்கறது பெரும்பாலும் ஒரு கோர்ஸ், இல்லன்னா பத்து டிப்ஸ் சொல்ற ஒரு வீடியோ. என் பதில் வேற. எழுத வர்றவருக்கு இணையத்துல இருக்கற பெரிய உதவி, ஏற்கெனவே எழுதப்பட்ட கதைகள்தான். காசு கொடுக்காம, போன்லயே படிக்கலாம்.

ஆனா அந்த அலமாரி முழுசா நிறைஞ்சு இல்லை. ஒரு காலகட்டத்துக்கு அப்புறம் தட்டுகள் காலியாகிடுது. எது எப்படி அங்க வந்துச்சு, எது ஏன் வரலைன்னு தெரிஞ்சா அதை நல்லா பயன்படுத்திக்கலாம். அதனால இன்னிக்கு டிப்ஸ் இல்லை, வரலாறு.

டைப் பண்ணினவங்க

1971 ஜூலை 4. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துல மைக்கேல் ஹார்ட் என்கிற மாணவர், அந்த நாட்டு சுதந்திரப் பிரகடனத்தைப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி, மத்தவங்களும் படிக்கிற மாதிரி வெச்சார். குட்டன்பர்க் திட்டம் அங்க ஆரம்பிச்சுது. அவருக்கு ஒரு வசதி இருந்துச்சு. ஆங்கில எழுத்து ஏற்கெனவே கம்ப்யூட்டருக்குள்ள இருந்துச்சு.

தமிழுக்கு அது இல்லை. 90-கள்ல தமிழ்ல டைப் பண்ணணும்னா ஒரு ஃபான்ட் வேணும். ஒரு பைட்ல 256 இடம்தான். நம்ம எழுத்து 247, ஆனா பாதி இடம் ஆங்கிலத்துக்குப் போயிடும். மிச்ச இடத்துல எந்தத் தமிழ் எழுத்தை எங்க உட்கார வைக்கறதுன்னு ஒவ்வொரு ஃபான்ட் செஞ்சவரும் தனித்தனியா முடிவு பண்ணினார். நீங்க அனுப்பின கதையை நான் படிக்கணும்னா உங்க ஃபான்ட் என்கிட்டயும் இருக்கணும். இல்லன்னா திரையில வெறும் கிறுக்கல்தான்.

இந்தச் சூழல்லதான் 1998 பொங்கல் அன்னிக்கு மதுரைத் திட்டம் தொடங்குது. ஒருங்கிணைச்சவர் முனைவர் கே. கல்யாணசுந்தரம். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துல வேலை பார்த்த வேதியியல் ஆய்வாளர். அவருக்குத் துணையா அமெரிக்காவுல குமார் மல்லிகார்ஜுனன். பல நாடுகள்ல இருந்த தன்னார்வலர்கள் வேலை முடிச்சு வந்து, புத்தகத்தைப் பக்கத்துல விரிச்சு வெச்சுக்கிட்டு வரிவரியா டைப் பண்ணினாங்க. இன்னொருத்தர் பிழை பார்த்தார். மதுரைத் திட்டக் கோப்பு ஒண்ணைத் திறந்து பாருங்க. கதைக்கு முன்னாடி, மின்னாக்கம் யார், மெய்ப்பு யார்னு பேர் போட்டிருக்கும். நாம அதைத் தாண்டி ஸ்க்ரோல் பண்ணிப் போயிடறோம்.

இன்னொண்ணும் நடந்துச்சு. 1999-ல சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு. தமிழ்99 விசைப்பலகை அங்கிருந்துதான் வந்துச்சு. தன்னார்வலர்கள் பக்கத்துல திஸ்கி என்கிற எழுத்து முறை. யூனிகோடுல தமிழ் 1991-லேயே இடம்பிடிச்சிடுச்சு, ஆனா நம்ம கம்ப்யூட்டர்கள் அதைச் சரியா காட்டறதுக்கு இன்னும் பல வருஷம் ஆச்சு. அதனால டைப் பண்ணி முடிச்ச புத்தகங்களையே புதுப்புது முறைக்கு மறுபடி மாத்த வேண்டி இருந்துச்சு. மைக்ரேஷன் வேலை எவ்வளவு அலுப்புன்னு ஐடியில இருக்கறவங்களுக்குத் தெரியும். இவங்க அதைச் சம்பளம் இல்லாம செஞ்சாங்க. இன்னிக்கு பொன்னியின் செல்வன்ல ஒரு வார்த்தையை நீங்க தேடி எடுக்க முடியுதுன்னா காரணம் இதுதான். அது படமா இல்லாம எழுத்தா இருக்கு.

திறந்துவிட்ட சட்டம்

டைப் பண்ண ஆள் இருந்தா மட்டும் போதாது, டைப் பண்ண உரிமையும் வேணும். இங்க தமிழ்நாட்டுக்கு ஒரு தனி வரலாறு உண்டு.

பாரதி 1921-ல இறந்துட்டார். அவர் பாட்டுகளோட இசைத்தட்டு உரிமையும் சினிமா உரிமையும் தனியார் கைக்குப் போச்சு. ஊரே பாடற பாட்டு எப்படி ஒருத்தருக்குச் சொந்தமாகும்னு 40-கள்ல பெரிய கோரிக்கை எழுந்துச்சு. 1949-ல சென்னை மாகாண அரசு பாரதி எழுத்துகளின் உரிமையை வாங்கி, பிற்பாடு மக்களுக்கே விட்டுடுச்சு. நாட்டுடைமைங்கற பழக்கத்துக்கு இதுதான் தொடக்கம். எழுத்தாளரோட குடும்பத்துக்கு அரசு ஒரு தொகை கொடுக்கும், அதுக்கப்புறம் யார் வேணும்னாலும் அச்சடிக்கலாம், இணையத்துல போடலாம். கல்கியோட எழுத்தும் இப்படித்தான் சட்டக் கெடு முடியறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் கிடைச்சுது.

அந்தச் சட்டக் கெடு என்ன? இந்தியாவுல எழுத்தாளர் இறந்த வருஷம் முடிஞ்சதுல இருந்து 60 வருஷம். முன்னாடி 50 தான். தாகூர் 1941-ல இறந்தவர். அவர் படைப்புகளோட 50 வருஷம் முடியப் போற நேரத்துல அரசு 10 வருஷம் கூட்டுச்சு, 1992-ல அது சட்டமாச்சு. வங்காளத்துக் கவிஞர் ஒருத்தருக்காகச் செஞ்ச திருத்தம் தமிழ் எழுத்தாளர்களுக்கும் சேர்த்துதான். 1944-ல இறந்த கு.ப. ராஜகோபாலனுக்கு அந்தக் கணக்குல 1995 தள்ளிப் போய் 2005 ஆச்சு. 1948-ல இறந்த புதுமைப்பித்தனுக்கு 2009.

இப்போ அதே கணக்கை இந்தப் பக்கம் நகர்த்துங்க. ஜெயகாந்தன் இறந்தது 2015, அதனால 2076. அசோகமித்திரன் 2017, அதனால 2078. நடுவுல நாட்டுடைமை ஆனாலொழிய இதுதான் தேதி. அம்பை நம்மளோட இருக்கார், எழுதிட்டு இருக்கார். பாமாவின் கருக்கு 1992, இமையத்தின் கோவேறு கழுதைகள் 1994. இதெல்லாம் நம்ம ஆயுசுல இலவச அலமாரிக்கு வரப் போறதில்லை.

இதுதான் நான் சொன்ன காலித் தட்டு. எழுத வர்றவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இலவசமா கிடைக்கறதை மட்டும் படிச்சா, நீங்க படிச்ச தமிழ்க் கதை பெரும்பாலும் 1950 பக்கத்துல நின்னுடும். பெண்கள் எழுத்து ரொம்பக் குறைவா இருக்கும். தலித் எழுத்து கிட்டத்தட்ட இருக்கவே இருக்காது. சேரி, ஃபேக்டரி, ஐடி ஆபீஸ், வாடகை வீடு பத்தி எழுத உட்காரும்போது உங்க கையில இருக்கறது எழுபது எண்பது வருஷத்துக்கு முந்தின மொழியா இருக்கும்.

குரூப்கள்ல சுத்தற பிடிஎஃப் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா தமிழ்ல கதை எழுதிச் சம்பாதிக்கறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்கே தெரியும். நாளைக்கு உங்க முதல் தொகுப்பு வரும்போது அந்த குரூப்ல சுத்தப் போறது உங்க புத்தகம்.

காலித் தட்டுக்கு என்ன பண்றது?

ஒரு பகுதியை ஈழத்து முயற்சி ஒண்ணு நிரப்புது. 1981-ல யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரிச்சப்போ சுமார் 97,000 நூல்கள் போச்சு. ஓலைச்சுவடிகளும் போச்சு. வேற எங்கயும் பிரதி இல்லாததும் அதுல இருந்துச்சு. ஒரே இடத்துல ஒரே பிரதி வெச்சா என்ன ஆகும்னு அந்தச் சமூகம் நேர்ல பார்த்துடுச்சு. 2005-ல தன்னார்வலர்கள் நூலகம் என்ற பேர்லயே ஒரு இணைய நூலகம் தொடங்கினாங்க. ஈழத்துப் புத்தகங்களோட பழைய இதழ்களும் அங்க ஸ்கேன் வடிவுல இருக்கு. டொமினிக் ஜீவா 1966-ல யாழ்ப்பாணத்துல, தன் சலூன்ல இருந்துகிட்டே தொடங்கின மல்லிகை இதழ்களைத் திறந்து பாருங்க. கதை, அதுக்கு வந்த எதிர்வினை, விளம்பரம் எல்லாம் ஒரே இடத்துல. அறுபதுகளுக்கு அப்புறம் ஒரு கதை எந்தச் சூழல்ல பிறந்துச்சுன்னு அதுல தெரியும்.

மிச்சத்துக்கு இணையத்தை விட்டு வெளிய வரணும். சென்னையில 1896-ல திறந்த கன்னிமாரா, 2010-ல வந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில 2023-ல வந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். இங்கல்லாம் உட்கார்ந்து படிக்கக் காசு இல்லை.

கடைசியா ஒரு பயிற்சி. நான் செஞ்சு பார்த்தது. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை மதுரைத் திட்டத்துல இருந்து எடுத்து, தன்னார்வலர்கள் செஞ்ச மாதிரியே முழுசா டைப் பண்ணினேன். நாலு ராத்திரி ஆச்சு. படிக்கும்போது பிராட்வே முனையில பிள்ளை போடற சில்லறைக் கணக்கு எனக்கு வெறும் சிரிப்பாத்தான் இருந்துச்சு. டைப் பண்ணும்போதுதான் அந்த வாக்கியம் எவ்வளவு நீளம்னு விரல்ல தெரிஞ்சுது. கடவுள் வந்து வழி கேட்டதும் வரிகள் சட்டுனு குட்டையாகுது. கடவுள் வந்துட்டார்னு ஆச்சரியக்குறி போட்டு அவர் எதையும் தூக்கிக் காட்டலை. திருவல்லிக்கேணிக்கு வழி கேக்கற இன்னொரு ஆள், அவ்வளவுதான். இதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லிக் கொடுக்கலை.

அதனால கேள்வி அனுப்பினவங்களுக்கு வேலை இதுதான். இந்த வாரம் இலவச அலமாரியில இருந்து ஒரு கதையை எடுத்து டைப் பண்ணுங்க. அடுத்த வாரம் நூலகத்துக்குப் போய், 1990-க்கு அப்புறம் வந்த ஒரு தொகுப்புல இருந்து ஒரு கதையைக் கையால எழுதிப் பாருங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் படிச்சுட்டு, என்ன மாறியிருக்குன்னு எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. வர்ற பதில்களை வெச்சு அடுத்த எபிசோட் பண்றேன்.