வறியோர் வீடு நாடிச் சென்றோர்

1918ஆம் ஆண்டு இலையுதிர் காலத்து மாலைப்பொழுது ஒன்றில், யப்பானின் பெரு வணிக நகரமாகிய ஒசாக்காவிலே, அம்மாகாணத்தின் ஆளுநர் ஹயாஷி இச்சிஸோ முடிதிருத்தும் நிலையம் ஒன்றில் அமர்ந்திருந்தார். எதிரே இருந்த கண்ணாடியில் தெரு தெரிந்தது. அத்தெருவிலே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பிள்ளையுடன் நின்று மாலைப் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்தாள். ஆளுநர் அவ்விடத்தை விட்டு எழுந்ததும் அருகிருந்த பொலீசாரை அழைத்து, அக்குடும்பத்தின் நிலையை விசாரித்து வரும்படி பணித்தார். கணவன் நோயுற்றுப் படுக்கையிற் கிடக்கிறான்; பிள்ளைகள் மூவர்; பாடப் புத்தகம் வாங்க வகையின்மையால் பள்ளிக்குச் செல்ல வேண்டிய பிள்ளையும் செல்வதில்லை என்ற செய்தி கிடைத்தது. யப்பானியச் சமூக சேவையின் வரலாற்றைக் கூறுவோர் இந்நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குவது வழக்கமாகிவிட்டது.

கதை சிறிது மெருகேறியிருக்கலாம். பெரிய நிறுவனங்களின் தோற்றத்துக்கு இத்தகைய கதை ஒன்று எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. ஆயினும் இதிலே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒசாக்காவில் வைத்தியசாலை இருந்தது; பள்ளி இருந்தது; தருமம் செய்ய மனமுள்ள செல்வரும் இருந்தனர். அக்குடும்பத்துக்கு வேண்டியவை அனைத்தும் அதே நகரத்திலேயே இருந்தன. அவற்றுக்கும் அக்குடும்பத்துக்கும் இடையே வழிதான் இல்லாதிருந்தது. ஒரு தாயின் துன்பம் ஆளுநர் ஒருவரின் கண்ணிற் படுவதற்கு, அவர் முடி திருத்தப் போன நேரம் வாய்க்க வேண்டியிருந்தது!

அவ்வாண்டின் பின்னணியையும் நினைவிற் கொள்ள வேண்டும். முதலாம் உலகப் போர்க் காலத்தில் யப்பானின் தொழிலும் வணிகமும் பெருகின. அரிசியின் விலை அதனினும் விரைவாக ஏறியது. 1918ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தொயாமா மாகாணத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் மீனவப் பெண்கள், அரிசி கப்பலேறி வெளியூர் போவதைத் தடுக்க முற்பட்டனர். அத்தீப்பொறி சில வாரங்களுள் நாடெங்கும் பரவியது. ஒசாக்காவிலும் அரிசிக் கடைகள் தாக்கப்பட்டன. கலகத்தை அடக்கப் படை ஏவப்பட்டது. செப்டெம்பரில் தெராவுச்சியின் அமைச்சரவையே பதவி துறந்தது. கலகம் அடங்கிய பின் ஆள்வோர் முன் நின்ற வினா எளியது: இத்துணைப் பசி நாட்டில் இருந்ததை முன்னரே அறிந்து சொல்ல ஒருவரும் இல்லாமற் போனது ஏன்?

சட்டம் ஒன்று இருந்தது. ஆனால் அது 1874ஆம் ஆண்டில் வகுத்த பழைய விதி. வறியோரைத் தாங்குவது மக்கள் தமக்குள் ஒருவர்க்கொருவர் காட்டும் பரிவாலேயே நடைபெற வேண்டும் என்பது அதன் கொள்கை. உறவென்று சொல்ல ஒருவருமற்ற, உழைக்கவும் இயலாத ஏழைக்கு மட்டும் அரசாங்கம் சிறிதளவு அரிசிக்குரிய பணம் கொடுக்கும். கணவனும் பிள்ளைகளும் உடையவளாய், தெருவில் நின்று உழைக்கவும் செய்த அப்பத்திரிகைக்காரிக்கு இவ்விதியால் ஒரு பயனும் விளைந்திராது.

ஹயாஷிக்குத் துணையாக நின்றவர் ஒகாவா ஷிகெஜிரோ என்னும் அறிஞர். சிறைச்சாலை நிர்வாகத்திலும் அதன் சீர்திருத்தத்திலும் பெயர் பெற்றவர்; ஜேர்மானிய முறைகளை நன்கு கற்றவர். சிறையிலுள்ளோரை ஆராய்ந்தவர், அவர்களை அங்கு கொண்டுவந்து சேர்த்த வறுமையை ஆராயத் தலைப்பட்டதில் வியப்பில்லை. இவர் கண்முன் இரண்டு முன்மாதிரிகள் இருந்தன. ஒன்று உள்நாட்டிலேயே, முந்திய ஆண்டில் ஒகயாமா மாகாணத்தில் ஏற்பட்டது. அம்மாகாண ஆளுநரிடம், 1916ஆம் ஆண்டு ஆளுநர் மாநாட்டின்போது, பேரரசர் அம்மாகாணத்து ஏழைகளின் நிலை யாதென வினவினாராம். ஊர் திரும்பிய ஆளுநர் கணக்கெடுத்துப் பார்த்தார். குடிகளிற் பத்திலொரு பங்கினர் வறுமையில் வாடுவதை அறிந்து திகைத்தார். 1917ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் ஊர்தோறும் ஏழைகளுக்கு வழிகாட்டும் ஆலோசகர் சிலரை நியமித்தார். மற்றொரு முன்மாதிரி கடல் கடந்து, ஜேர்மனியின் எல்பர்பெல்ட் நகரத்தில் இருந்தது. ஒசாக்காவின் திட்டம் விளங்க வேண்டுமாயின் முதலில் அந்நகருக்குச் சென்று வருதல் நன்று.

வுப்பர் ஆற்றங்கரையிலே சாயத் தொழிலாலும் நெசவாலும் வளர்ந்த ஊர் எல்பர்பெல்ட். அடுத்த ஊராகிய பார்மனில் ஓர் ஆலை முதலாளியின் மகனாகப் பிறந்தவரே பிரடெரிக் எங்கெல்ஸ். பதினெட்டு வயதில், 1839ஆம் ஆண்டில், அப்பள்ளத்தாக்கின் செல்வர் பக்தியையும் தொழிலாளர் சீரழிவையும் அருகருகே வைத்து அவர் எழுதிய கடிதங்கள் அவ்வூர்ப் பெரியோருக்குப் பெருஞ் சினத்தை மூட்டின. அதே ஊர்ப் பெரியோர் சிலர் பதினான்கு ஆண்டுகளின் பின் வேறொரு வழியில் அதே துன்பத்தை அணுகினர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. வங்கியாளரான டானியல் பொன் டெர் ஹைட் அவர்களுள் முதன்மையானவர்.

1850ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 50,000 மக்கள் வாழ்ந்த அந்நகரில் 4,000 பேருக்கு மேல் நகர நிதியின் உதவியில் தங்கியிருந்தனர். செலவு ஏறிக்கொண்டே போயிற்று. ஆயினும் எவர் வீட்டிலும் துன்பம் குறைந்ததாகத் தெரியவில்லை. விசாரிப்போர் சிலர்; விசாரிக்கப்படுவோர் மிகப் பலர். ஒருவர் தலையில் எத்தனையோ குடும்பங்கள். முகம் தெரியாத இடத்தில் ஏட்டைப் பார்த்துப் பணம் கொடுப்பதைத் தவிர வேறென் செய்ய இயலும்?

1853ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த புதிய ஏற்பாடு மிக எளிய கணக்கில் அமைந்தது. நகரம் 252 சிறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. பதினான்கு வட்டாரங்கள் சேர்ந்தது ஒரு மாவட்டம். அவ்வாறு 18 மாவட்டங்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் அயலிலேயே வாழும் ஒரு குடிமகன் பொறுப்பாளர். அவருக்குச் சம்பளம் இல்லை. அவரிடம் நான்கு குடும்பங்களுக்கு மேல் ஒப்படைக்கலாகாது என்பதே முறையின் உயிர்நாடி. நான்கு குடும்பங்களாயின் பிள்ளைகளின் பெயரை நினைவில் வைத்திருக்கலாம். அடுப்பு எரிகிறதா என்பதைக் கேளாமலே அறியலாம். பொறுப்பாளர் நேரிற் சென்று பார்த்து, இரு வாரத்துக்கு ஒருமுறை மாவட்டக் கூட்டத்தில் எடுத்துரைப்பார். அங்கு தீர்மானிக்கப்படும் உதவியும் இரு வாரத்துக்கே செல்லும். பின்னர் மீண்டும் சென்று பார்த்தாக வேண்டும். இப்பதவியைத் தகுந்த காரணமின்றி மறுப்பவர் நகரத் தேர்தலில் வாக்குரிமையைச் சில ஆண்டுகளுக்கு இழக்க நேரும். அவருடைய வரியும் உயரும். தருமத்தையும் சட்டத்தினாற் கட்டிவிட்ட ஜேர்மானியர் சாமர்த்தியத்தை என்னென்பது!

சில ஆண்டுகளில் உதவி பெறுவோர் தொகை 1,500 அளவுக்கு இறங்கிற்று. இக்கணக்கைக் கண்டு ஐரோப்பாவின் பல நகரங்கள் எல்பர்பெல்டுக்கு ஆட்களை அனுப்பிப் பார்த்தன. ஜேர்மானிய நகரங்கள் ஒவ்வொன்றாக இம்முறையைத் தழுவின. ஆயினும் அத்தொகை குறைந்ததற்குக் காரணம் ஒன்றன்று. வேலை தேடிக் கொடுத்ததனால் தம் காலில் நின்றோர் சிலர். அக்காலத்தில் தொழில் செழித்தமையாற் பிழைத்தோர் சிலர். இன்னுஞ் சிலரோ, தம் குடிசையினுள் அயலவர் வந்து அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பதைவிடப் பசித்திருப்பதே மேலென ஒதுங்கியிருப்பர். இம்மூன்றாவது கூட்டத்தார் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. நகரங்கள் பெருத்து, முதலாளியும் தொழிலாளியும் வெவ்வேறு பகுதிகளில் வாழத் தொடங்கியபோது, அயலவர் என்ற சொல்லே பொருளிழந்தது. 1905ஆம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பேர்க் நகரம் சம்பளம் பெறும் உத்தியோகத்தரை இப்பணியில் முதன்மையாக அமர்த்தி, வேறு முறை வகுத்தது.

ஒசாக்காவுக்குத் திரும்புவோம். 1918ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆம் நாள் அம்மாகாணம் “ஹோமென் இயின்” என்னும் அமைப்பை நிறுவியது. வட்டாரப் பொறுப்பாளர் என அதைத் தமிழிற் கூறலாம். ஒவ்வொரு வட்டாரத்தின் எல்லையும் ஓர் ஆரம்பப் பாடசாலைக்குப் பிள்ளைகள் வந்து சேரும் எல்லையே. இது நுட்பமான தேர்வு. ஒரு வீட்டின் வறுமை வெளியே தெரியும் முதல் இடம் பெரும்பாலும் வகுப்பறையன்றோ? வராத பிள்ளை, மதிய உணவு கொண்டு வராத பிள்ளை, தம்பியை முதுகிற் கட்டிக்கொண்டு வரும் பிள்ளை ஆகியோரை ஆசிரியர் நாள்தோறும் காண்கிறார்.

பொறுப்பாளராகப் பெருஞ் செல்வரைத் தேடாமல், அத்தெருவிலேயே தொழில் நடத்தும் சிறு வணிகரையும் அவர் போன்றோரையும் ஒகாவா விரும்பினார். கடன் சொல்லி அரிசி வாங்குபவர் எவர், இம்மாதம் கடன் கேட்கவும் வராது நின்றுவிட்டவர் எவர் என்பது அத்தகையோருக்கே தெரியும். குடும்பங்களின் நிலை அட்டைகளில் எழுதப்பட்டது. தம்மால் வாழ இயலாதோருக்கு ஒருவகை அட்டை. எப்படியோ நாளைக் கடத்துவோர்க்கு மற்றொரு வகை. இரண்டாம் வகையாரையும் கருத்திற் கொண்டமை போற்றத்தக்கது. விழுந்த பின் தூக்குவதிலும் விழுமுன் கைகொடுப்பது எளிது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

எல்பர்பெல்ட் பொறுப்பாளருக்கும் ஒசாக்காப் பொறுப்பாளருக்கும் பெரியதொரு வேற்றுமை இருந்தது. முன்னவர் பின்னே நகர நிதி நின்றது. பின்னவர்க்கோ பொதுப் பணத்தை எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. வெறுங்கையோடு ஏழையின் வாயிலில் நின்றவர் அவர். ஆகவே எந்த வைத்தியசாலை இலவசமாக ஏற்கும், எங்கு வேலை கிடைக்கும், எந்தச் செல்வர் ஒரு பிள்ளையின் பள்ளிச் செலவை மறைவாகத் தாங்குவார் என்றெல்லாம் தேடித் தெரிந்துகொள்வது அவர் கடமையாயிற்று. அவர் சேர்த்து வைத்த செல்வம் அவ்வறிவு ஒன்றே.

அவர் பணியிற் பெரும் பகுதி குடும்பப் பதிவேட்டைத் திருத்துவதாக அமைந்தது என்பதைக் கேட்போர் வியப்புறலாம். கிராமத்தை விட்டு ஆலை வேலைக்கு வந்தோர் பலர் திருமணத்தைப் பதியாதிருந்தனர். பிள்ளைகளின் பிறப்பும் பதிவாகவில்லை. பதிவில் இல்லாத பிள்ளைக்கு அரசாங்கத்தின் முன் பெயரே இல்லை. ஆகவே வட்டாரப் பொறுப்பாளர் ஊருக்கு எழுதி, உத்தியோகத்தரைக் கண்டு, கையொப்பம் பெற்று, ஒரு பிள்ளைக்குப் பெயரைத் தேடிக் கொடுத்தார். ஒரு மூடை அரிசி கொடுப்பதிலும் இது கடினமான கொடை, நீடித்த கொடையுங்கூட.

1928ஆம் ஆண்டளவில் இவ்வமைப்பு யப்பானின் எல்லா மாகாணங்களிலும் பரவிவிட்டது. அப்போதுதான் ஓர் உண்மை அவர்களுக்குத் துலங்கிற்று. வீடு வீடாகச் சென்றவர்கள், தம்மால் ஆகாததன் அளவையும் கண்டுகொண்டனர். அயலவர் அன்பாலும் செல்வர் கொடையாலும் நிரப்ப முடியாத பள்ளம் அது. அவர்கள் புதிய சட்டம் கேட்டனர். முதியோர், சிறுவர், கருவுற்ற தாயர், நோயுற்றோர், உடற்குறையுடையோர் ஆகியோரைத் தாங்கும் நிவாரணச் சட்டம் 1929ஆம் ஆண்டில் நிறைவேறியது. ஆயினும் பணமில்லை என்று கூறி, அதை நடைமுறைப்படுத்தாமல் அரசாங்கம் காலங் கடத்தியது. உலகப் பொருளாதார மந்தம் வந்தது. பட்டின் விலை வீழ்ந்தது. கிராமங்கள் பட்டினியில் ஆழ்ந்தன. சட்டமோ ஏட்டிற் கிடந்தது.

1931ஆம் ஆண்டு பெப்ரவரியில் வட்டாரப் பொறுப்பாளர் 1,116 பேர் கையொப்பமிட்டுப் பேரரசருக்கே விண்ணப்பம் சமர்ப்பிக்க முற்பட்டனர். அக்கால யப்பானில் இது சிறு செயலன்று. அமைச்சரவையைக் கடந்து அரியணையை நோக்கிப் பேசுவது, ஊரில் நன்மதிப்புடன் வாழ்ந்த கடைக்காரருக்கும் வைத்தியருக்கும் எளிதில் துணியக்கூடியதன்று. இறுதியில் குதிரைப் பந்தயச் சட்டத்தைத் திருத்தி, அதன் வருவாயிலிருந்து பணம் கண்டனர். 1932ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பந்தயக் குதிரை ஓடிய பின்னரே பசித்த கிழவிக்குக் கஞ்சி கிடைத்தது எனின் மிகையன்று.

அச்சட்டத்திலும் ஒரு முள் இருந்தது. அதன்கீழ் உதவி பெறுவோர் வாக்குரிமையை இழந்தனர். உதவி பெற்றவன் முழுக் குடிமகனல்லன் என்னும் எண்ணம் அன்று ஐரோப்பாவிலும் வேரூன்றியிருந்தது. போர் மூண்ட பின்னர், வீடுகளை அறிந்திருந்த இப்பொறுப்பாளரை அரசாங்கம் தன் போர்க்கால நோக்கங்களுக்கும் பயன்படுத்திக்கொண்டது. வறுமையை அறியும் கண், வேறு பலவற்றையும் காணவல்லது.

போர் முடிந்தபின் 1946ஆம் ஆண்டில் “மின்செய் இயின்” எனப் பெயர் மாறியது. மக்கள் வாழ்வுக்குத் துணை நிற்போர் எனப் பொருள் கொள்ளலாம். அவ்வாண்டின் வாழ்க்கைப் பாதுகாப்புச் சட்டம் உதவி வழங்குவதில் இவர்களுக்குப் பெரும் பங்கு கொடுத்தது. நடத்தை கெட்டவர் எனக் கருதப்படுவோரை விலக்கவும் இடம் வைத்தது. நடத்தையைத் தீர்ப்பவர் அயல்வீட்டுக்காரராயின் இதன் கொடுமை சொல்லாமலே விளங்கும். 1947ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, குறைந்தபட்ச நல்வாழ்வு ஒவ்வொருவரின் உரிமை என்றது. அதனையொட்டி 1950ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விலக்கை நீக்கியது; உதவி மறுக்கப்பட்டவர் முறையிடவும் வழி செய்தது. தீர்மானிக்கும் பொறுப்பு சம்பளம் பெறும் உத்தியோகத்தரிடம் சென்றது. அயலவரிடம் எஞ்சியவை கண்டறிதல், உடன் செல்லுதல், அறிந்ததை வெளியிடாது காத்தல் ஆகியனவே. அவருடைய அதிகாரம் குறைந்தது. ஏழைக்கு அவர் முன் கதவைத் திறக்கும் அச்சமும் அதனாற் குறைந்திருக்க வேண்டும்.

அவ்வமைப்பு இன்றும் நிலவுகிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை நியமனம், சம்பளம் இல்லை. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் நாடெங்கும் பணிபுரிகின்றனர். ஆயினும் 2022ஆம் ஆண்டு நியமனத்தின்போது 15,000க்கு மேற்பட்ட இடங்களுக்கு ஆட்கள் கிடைக்கவில்லை. பலர் முதுமைப் பருவத்திலும் வேலைக்குச் செல்கின்றனர். அடுக்குமாடிகளில் அடுத்த கதவுக்காரரின் பெயர் தெரியாது வாழ்வோரும் பெருகிவிட்டனர்.

2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் நாள் வடகிழக்குக் கரையை ஆழிப்பேரலை தாக்கியபோது, இவர்களுள் 56 பேர் உயிரிழந்தனர். தம் பகுதியில் தனித்து வாழ்ந்த முதியோர் எந்தெந்த வீட்டில் இருக்கின்றனர் என்பதை அறிந்தவர்கள் அவர்கள். அவ்வீடுகளை நோக்கிச் சென்றபோதே பலர் அலையில் அகப்பட்டனர். பின்னர் வகுத்த வழிகாட்டல்களில், பேரிடர் வேளையில் முதலில் தம் உயிரையும் தம் குடும்பத்தையும் காத்துக்கொள்ள வேண்டும் என்று இப்பணியாளருக்கு அறிவுறுத்த நேர்ந்தது.