டயர் இல்லாத சைக்கிள்கள்

மலேசியாவின் கிழக்குக் கரையில், மெர்சிங்கிலிருந்து எண்டாவ் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். தனியாகச் சைக்கிள் மிதிப்பவருக்கு நிதானமான அரைநாள் பயணம்.

1941-இல் இங்கே நிதானத்துக்கு இடமில்லை. ஜப்பானியர் இந்தக் கரையில் இறங்கக்கூடும் என்று ஆஸ்திரேலியப் படை முள்கம்பி விரித்துக் காத்திருந்தது. ஜப்பானியரோ டிசம்பர் 8 அன்று வடக்கே கோத்தா பாருவில் இறங்கினார்கள். பிறகு மலாயா நெடுக ஆயிரக்கணக்கான சைக்கிள்களில் தெற்கே உருண்டார்கள். பழுதானால் கவலையில்லை, போருக்கு முன்பே உள்ளூர்க் கடைகளில் ஜப்பான் சைக்கிள் விற்றுக்கொண்டிருந்தது! வெயிலில் டயர் வெடித்தால் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். இரவில் அந்தக் கடகடப்பு டாங்கி வருவதுபோல் கேட்டதாம்.

அடுத்த ஆண்டு ஜனவரி 26 இரவு, மெர்சிங்குக்குத் தெற்கே நித்ஸ்டேல் தோட்டத்தில் ஆஸ்திரேலியர் ஜப்பானியரைப் பதுங்கித் தாக்கினார்கள். இரு தரப்பிலும் பலர் மடிந்தனர். மூன்றே வாரத்தில், பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் சரணடைந்தது.