யார் சொல்லக் கேட்டாய்? - ஹதீஸின் கதை

வழக்கம்போல் இந்த முறையும் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு விஷயம்.

கல்லூரிப் பேச்சுப் போட்டியில் கல்வியைப் பற்றிப் பேசினேன். சீனாவுக்குப் போயாவது கல்வியைத் தேடும்படி நபிகள் நாயகம் சொன்னார் என்று முழங்கினேன். நல்ல கைதட்டல், இரண்டாம் பரிசும் கிடைத்தது! கீழே இறங்கியதும் வகுப்புத் தோழன் ஒருவன் மெதுவாகக் கேட்டான்: "அது எந்தக் கிதாபுல இருக்கு மச்சான்?" பதில் தெரியவில்லை. யாரோ சொன்னார்கள், எங்கோ படித்தேன். தணிக்கை வகுப்பில் வவுச்சர் இல்லாத செலவைக் காட்டி மாட்டிக்கொண்டதைப் போல இருந்தது. அதன் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் முஸ்லிம் அல்ல; ஒரு மாணவனின் ஆர்வம், அவ்வளவுதான்.

ஹதீஸ் என்ற அரபுச் சொல்லுக்குச் செய்தி, பேச்சு என்று பொருள். நபிகள் நாயகம் சொன்னது, செய்தது, பிறர் செய்யக் கண்டு தடுக்காமல் விட்டது ஆகிய மூன்றையும் பற்றிய செய்திகளே ஹதீஸ். தமிழில் நபிமொழி என்கிறோம். குர்ஆன் வேறு, ஹதீஸ் வேறு. முன்னது இறைவனின் வாக்கு என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. பின்னது மனிதர்கள் வழியாக வந்த செய்தி.

இது இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று நானும் நினைத்தேன். தொழச் சொல்லிக் குர்ஆன் பல இடங்களில் கட்டளையிடுகிறது. ஆனால் ஃபஜ்ருக்கு 2 ரக்அத், லுஹருக்கு 4, மஃரிபுக்கு 3 என்ற கணக்கு அதில் இல்லை. ஸகாத் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று எட்டு வகையினரைக் குர்ஆன் சொல்கிறது. வெள்ளியில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 சதவீதம் என்ற விகிதம் ஹதீஸிலிருந்து வருகிறது. தும்மியவர் 'அல்ஹம்துலில்லாஹ்' என்றால் பக்கத்தில் இருப்பவர் 'யர்ஹமுகல்லாஹ்' என்பதும் அப்படித்தான்.

வணிகவியல் மாணவனான எனக்குப் பிடித்தது இன்னொன்று. நபிகள் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகிறார். உள்ளே கைவிட்டுப் பார்த்தால் ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்கிறார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மேலே அல்லவா போட்டிருக்க வேண்டும், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்ல என்கிறார் நபிகள். முஸ்லிம் என்ற இமாமின் தொகுப்பில் உள்ள செய்தி இது. நுகர்வோர் பாதுகாப்புப் பாடத்தை இதிலிருந்தே தொடங்கலாம்!

சரி, வரலாற்றுக்கு வருவோம். நபிகள் மறைந்தது 632-இல். அப்போது ஹதீஸ்களுக்கென்று முழுமையான தொகுப்பு எதுவும் இல்லை. தோழர்கள் நினைவிலும் சில ஏடுகளிலும் வைத்திருந்தார்கள். மனைவி ஆயிஷா வழியாக மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செய்திகள் வந்துள்ளன. ஜாபிர் என்ற தோழர் ஒரே ஒரு ஹதீஸை நேரில் கேட்க ஒரு மாதம் பயணம் செய்தாராம்.

சிக்கல் 656-இல் கலீபா உஸ்மான் கொல்லப்பட்ட பிறகு பெரிதானது. உள்நாட்டுப் போர், கட்சிகள்... ஒவ்வொரு கட்சியும் தனக்குச் சாதகமாக நபிகளின் பெயரில் பேசத் தொடங்கியது. அதற்கு முன் யாரும் ஆதாரம் கேட்டதில்லை, குழப்பத்துக்குப் பிறகுதான் "உங்களுக்குச் சொன்னவர் யார்?" என்று கேட்கத் தொடங்கினோம் என்பது பஸ்ராவைச் சேர்ந்த இப்னு சீரீன் சொன்ன தகவல்.

அந்தக் கேள்விதான் இஸ்னாத், அதாவது அறிவிப்பாளர் தொடர். புகாரியின் தொகுப்பில் முதல் ஹதீஸ், செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்பது. அதைப் புகாரிக்குச் சொன்னவர் ஹுமைதி. அவருக்கு சுஃப்யான், அவருக்கு யஹ்யா, அவருக்கு முஹம்மத் இப்னு இப்ராஹீம், அவருக்கு அல்கமா, அவருக்கு நபிகளிடம் நேரில் கேட்ட உமர். இருநூறு ஆண்டு இடைவெளி, ஆறு பெயர்கள்! ஒவ்வொருவரும் நேர்மையானவரா, நினைவாற்றல் எப்படி, முந்தையவரைச் சந்தித்தாரா என்று விசாரித்தார்கள். அறிவிப்பாளர்களின் வாழ்க்கைக் குறிப்புகளே தனி நூல்களாயின.

புகாரி (810-870) ஆறு லட்சம் அறிவிப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்தார் என்பார்கள். ஒரே செய்தி பத்துத் தொடர்களில் வந்தால் பத்து என்று எண்ணும் கணக்கு அது. அவர் நூலில் இருப்பவை ஏழாயிரத்துச் சொச்சம். திரும்ப வருவதை நீக்கினால் சுமார் 2,600. முஸ்லிம், அபூதாவூத், திர்மிதி, நஸாயீ, இப்னு மாஜா ஆகியோரின் நூல்களையும் சேர்த்து ஆறு தொகுப்புகள் சுன்னிகளிடம் புகழ்பெற்றவை. ஷியாக்களுக்கு அல்காஃபி முதலிய வேறு நூல்கள் உண்டு.

இத்தனை வடிகட்டியும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்களா? இல்லை. 1950-இல் ஜோசப் ஷாக்ட் என்ற ஆய்வாளர், சட்டம் சார்ந்த பல ஹதீஸ்கள் பிற்காலத்தில் உருவானவை என்று எழுதினார். ஹரால்ட் மோட்ஸ்கி போன்றவர்கள் அவருடைய முறையே சரியில்லை என்று மறுத்தார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை.

இப்போது என் சீனா விஷயம். 1201-இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸி, இட்டுக்கட்டப்பட்ட செய்திகளுக்கென்றே எழுதிய நூலில் அதைச் சேர்த்திருக்கிறார். பலவீனமானது என்று மட்டும் சொன்னவர்களும் உண்டு. புகாரியிலும் இல்லை, முஸ்லிமிலும் இல்லை. கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிமின் மீதும் கடமை என்ற செய்தி இப்னு மாஜாவில் இருக்கிறது. மேடையில் அதையே சொல்லியிருக்கலாம்.

கருத்து நல்லதுதானே, யார் சொன்னால் என்ன என்று தோழனிடம் வாதாடிப் பார்த்தேன். "நல்ல கருத்துன்னா உன் பேர்ல சொல்லு. அவங்க சொல்லாததை அவங்க பேர்ல சொல்லாதே" என்றான். நபிகள் பெயரில் வேண்டுமென்றே பொய் சொல்பவருக்கு நரகம் என்றே ஒரு ஹதீஸ் இருக்கிறதாம். ஒரு முஸ்லிம் அதைக் கேட்டுத் தன் சாப்பாட்டை, வியாபாரத்தை, தொழுகையை மாற்றிக்கொள்வார். அப்படியிருக்க, கைதட்டலுக்காக நான் அள்ளி விடலாமா?

இப்போதெல்லாம் செல்பேசியில் 'நபிமொழி' என்று ஏதாவது வந்தால் அனுப்பியவரிடம் எந்த நூல், எண் என்ன என்று கேட்கிறேன். பாதிப் பேர் பதில் சொல்வதில்லை. நான் எழுதியதில் தவறிருந்தால் நூலின் பெயரோடு சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.