ஒரு காட்சிக்கு மூன்று படங்கள்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் ஏ9 வீதியில், அக்குறணையைத் தாண்டியதும் வருவது அலவத்துகொட. அங்கு ஒரு தேநீர்க் கடையின் உள்ளிருந்து வீதியைப் படமெடுக்க முயன்றேன். கடைக்குள் இருட்டு, வெளியே கண்ணைக் கூசவைக்கும் வெயில். தேநீர் ஆற்றுபவரின் முகத்துக்கு ஒளியை அளந்தால் வீதி வெள்ளைத் தாளாகிவிடும். வீதிக்கு அளந்தால் அவர் வெறும் நிழலாகிவிடுவார்.

டிஜிட்டல் கமராவில் இதற்கு 'ஓட்டோ பிராக்கெட்டிங்' என்றொரு வசதி உண்டு. அளந்த ஒளியில் ஒரு படம், அதில் பாதி ஒளியில் ஒன்று, இரட்டிப்பு ஒளியில் மற்றொன்று என்று கமராவே அடுத்தடுத்து எடுத்துவிடும். வித்தியாசத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யலாம்.

கருவி புதிது, சிக்கலோ மிகப் பழையது. 1860களில் கண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜோசப் லோட்டன், 1870-71 காலப்பகுதியில் தொல்லியல் குழுவுக்காக அநுராதபுரம், பொலன்னறுவை, சீகிரியா ஆகிய இடங்களைப் படமெடுத்தார். அக்காலத்துக் கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது உலருமுன் படமெடுத்து, அங்கேயே கூடாரத்துக்குள் கழுவியாக வேண்டும். ஒரு காட்சிக்கு மூன்று தகடுகள் என்றால் இந்தப் பாடு மூன்று முறை! அத்தகடு நீல ஒளியையே அதிகம் உணர்ந்தது. அதனால் கற்சுவருக்குப் பொருத்தமாக ஒளி கொடுத்தால் வானம் வெளிறிப்போகும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850களிலேயே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என எடுத்து ஒன்றாக அச்சிட்டிருந்தார். காடடர்ந்த இடிபாடுகளின் நடுவே நின்றவருக்கு அது எளிதான காரியமா?

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது தகடு போய்ச் சுருள் வந்திருந்தது; சிக்கனம் மட்டும் போகவில்லை. 36 படங்கள்தான். வண்ண ஸ்லைடு பிலிமோ சிறு பிழையையும் பொறுக்காது. ஆகவே படப்பிடிப்பாளர் கையால் ஒளியை மாற்றி மாற்றி மூன்று எடுப்பார். "ஒரே படத்தை ஏன் தம்பி மூன்று தரம் எடுத்தீர்? பிலிமுக்கு யார் காசு கொடுப்பது?" என்று ஆசிரியர் கேட்பார். 1988இல் வந்த மினோல்டா 7000ஐ கமராவில்கூட இந்த வசதிக்கெனத் தனி அட்டையொன்றைச் செருக வேண்டியிருந்தது.

டிஜிட்டல் வந்தபின் செலவு என்ற பேச்சே இல்லை. பல ஒளியளவுகளில் எடுத்த படங்களைக் கணினியில் இணைக்கும் முறையொன்றை 1997இல் டெபெவெக், மாலிக் என்ற இருவர் வெளியிட்டனர். இன்று கைப்பேசி அத்தகைய வேலையை நம்மைக் கேளாமலே செய்துவிடுகிறது.

எனக்குத் தயக்கம் அங்கேதான். மூன்று படங்கள் என்பவை மூன்று கணங்கள். அலவத்துகொடப் படங்களில் பேருந்து ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் நிற்கிறது. இணைத்துப் பார்த்தேன், ஒரே பேருந்து மூன்று ஆவிகளாகத் தெரிந்தது. மென்பொருள் அதையும் அழித்துத் தரும் என்கிறார்கள். மலைக்காட்சிக்கு அது சரி. செய்திப் படத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

மூன்றையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறேன். இருண்ட படத்தில் பேருந்தின் பெயர்ப்பலகையை வாசிக்க முடிகிறது. வெளுத்த படத்தில், கடையின் மூலையில் ஒரு முதியவர் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார். அங்கே இருந்த நேரம் முழுவதும் நான் அவரைக் கவனிக்கவே இல்லை.