வந்து தோற்றவர்கள்

1972 ஜனவரி 29, சனிக்கிழமை. பாரிஸில் பிரான்ஸை 14-9 என்று சாய்த்தது அயர்லாந்து ரக்பி அணி. அந்தக் கொண்டாட்டத்துக்கு ஆயுள் ஒரே இரவுதான். மறுநாள் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில், சிவில் உரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள்மீது பிரிட்டிஷ் பாராசூட் படையினர் சுட்டார்கள். 13 பேர் அன்றே இறந்தார்கள். மூன்று நாள் கழித்து டப்ளினில் பிரிட்டிஷ் தூதரகம் தீக்கிரையானது.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, பிரான்ஸ் ஆகிய ஐந்தும் ஆண்டுதோறும் மோதும் ‘ஃபைவ் நேஷன்ஸ்’ போட்டி அப்போது பாதியில் இருந்தது. பிப்ரவரி 12-ல் லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் கடைசி நேரத்தில் கெவின் ஃபிளின் போட்ட ‘ட்ரை’யால் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிப்பது) 16-12 என்று அயர்லாந்து மறுபடி ஜெயித்தது. வெளியூரில் இரண்டு வெற்றி. மிச்சமிருந்த இரண்டு ஆட்டமும் சொந்த ஊரில். பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் ஸ்காட்லாந்து டப்ளினுக்கு வர மறுத்தது, வேல்ஸும் மறுத்துவிட்டது. வேல்ஸ் தான் ஆடிய மூன்றிலும் வென்றிருந்தது. இருந்தும் அந்த ஆண்டு யாருக்கும் பட்டம் இல்லை.

உயிர்ப்பயத்தைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனாலும் அந்த மறுப்பு விழுந்த இடம்தான் மனதை உறுத்துகிறது. நாடு இரண்டாகப் பிரிந்த பிறகும் ரக்பியில் அயர்லாந்து ஒரே அணி. தெற்கின் கத்தோலிக்கரும் வடக்கின் புராட்டஸ்டன்டுகளும் அதே பச்சைச் சட்டையில் தோளோடு தோள் கோத்து ‘ஸ்க்ரம்’ தள்ளினார்கள். அணியின் தூணாக நின்ற வில்லி ஜான் மெக்பிரைட் வடக்கைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட். தெருவில் பிரிந்து கிடந்த இரு தரப்பும் சேர்ந்து நின்ற மிகச் சில இடங்களில் ஒன்றைத்தான் அண்டை நாடுகள் தனியே விட்டன. அந்த ஏப்ரலில் பிரான்ஸ் மட்டும் டப்ளினுக்கு வந்து ஒரு நட்பு ஆட்டம் ஆடிக் கொடுத்தது.

1973 பிப்ரவரி 10. டப்ளினுக்குப் போக வேண்டிய முறை இப்போது இங்கிலாந்துக்கு. ஆத்திரம் முழுவதும் எந்தக் கொடிமீது இருந்ததோ, அதே கொடியின் அணி. முந்தைய ஆண்டு நான்கு ஆட்டத்திலும் தோற்றிருந்தது. அந்த ஜனவரியில் நியூசிலாந்திடமும் வேல்ஸிடமும் உதை வாங்கியிருந்தது. கேப்டன் ஜான் புல்லின் ஒரு விவசாயி. பலத்த காவலோடு அணி வந்து சேர்ந்தது. லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தில் வெள்ளைச் சட்டைகள் தலைகாட்டியதும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது. கைதட்டல் ஐந்து நிமிடம் ஓயவில்லை என்பார்கள். விசில் ஊதியபின் அயர்லாந்து தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. டாம் கிரேஸும் டிக் மில்லிகனும் ட்ரை போட, 18-9 என்று வென்றது.

இரவு விருந்தில் புல்லின் எழுந்தார். நாங்கள் அப்படியொன்றும் பெரிய அணி இல்லைதான், ஆனால் சொன்னபடி வந்துவிடுகிறோம் என்கிற பொருளில் ஓரிரு சொற்கள்தான் பேசினார். அரங்கம் அதிர்ந்தது. தோற்ற கேப்டனின் பேச்சை ஐரிஷ்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

அந்தப் பருவத்தின் கணக்கும் விசித்திரமானது. பத்து ஆட்டங்களிலும் உள்ளூர் அணியே வென்றது. ஏப்ரல் 14, டப்ளினில் கடைசி ஆட்டம். அயர்லாந்து இரண்டு பெனால்டியில் 6 புள்ளி. பிரான்ஸ் ஒரு ட்ரையில் 4. அந்த ட்ரைக்குப் பின்னான உதை கம்பங்களுக்கு நடுவே போயிருந்தால் ஆட்டம் சமன், பட்டம் பிரான்ஸுக்கு மட்டும். உதை தவறியது. ஐந்து அணிக்கும் தலா இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. புள்ளி வித்தியாசம் பார்க்கும் வழக்கம் அப்போது கிடையாது. ஆகவே பட்டம் ஐந்து பேருக்கும் பொது. அப்படி நடந்தது அந்த ஒருமுறைதான்.

1974-ல் வேல்ஸும் ஸ்காட்லாந்தும் டப்ளினுக்கு வந்தன. வேல்ஸோடு 9-9 என்று சமன். ஸ்காட்லாந்தை 9-6 என்று வென்றது அயர்லாந்து. 1951-க்குப் பிறகு முதன்முறையாகப் பட்டத்தைத் தனியாகத் தூக்கியது. அப்போது கேப்டன், மெக்பிரைட். அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)