கொம்பு எங்கே நிற்கிறது?

சுங்கை ஊடாங் வீட்டில் 1998-இல் வாங்கிய கணினி இன்னும் ஓடுகிறது. பேட்டரி செத்தால் தேதி 1980-க்குப் போய்விடும். இரண்டு முறை மாற்றிவிட்டேன். "மாமா, பழைய சாமான் லோரி வந்தா தூக்கிக் குடுத்திடுங்க" என்கிறான் தங்கை மகன். அப்பா தோட்டத்துக் கோயில் கணக்கையும் லயத்து ஆட்களின் பெயர்களையும் அதில்தான் தட்டி வைத்தார். அப்பாவும் இல்லை, தோட்டமும் இல்லை.

மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் 1985-இலேயே வந்துவிட்டது. பிறகு ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்றானது. 1997-இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியது. தொண்ணூறுகளின் இறுதியில், பலர் மின்னஞ்சலில் விவாதித்துத் திஸ்கி குறியீட்டை உருவாக்கினார்கள். அப்பாவின் கோப்புகள் திஸ்கியில்தான் இருக்கின்றன.

திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கும்: முதலில் கொம்பு, பிறகு எழுத்து. யூனிகோடில் எழுத்துதான் முதலில். மாற்றும் நிரலைப் புது மடிக்கணினியில் எழுதுகிறேன். அதில் ஒரு வரி பிசகினாலும் ‘முருகேசன்’ ‘முருேகசன்’ ஆகிவிடுவார். அப்பா எப்படி எழுதினார் என்பதற்குச் சாட்சி, அவருடைய எழுத்துரு இருக்கும் அந்தப் பழைய திரைதான். ஒவ்வொரு பெயராக ஒப்பிடுகிறேன். முடியட்டும், லோரியைப் பற்றி அப்புறம் பேசலாம்.