டு-டே: ஒரு சிறு கோட்டின் கதை

ஆங்கிலத் தேர்வில் "டுடே" என்ற சொல்லை "டு டே" என்று பிரித்து எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். ஆனால் ஆங்கிலேயர்களே பல நூற்றாண்டுகள் அதைப் பிரித்துத்தான் எழுதினார்கள் என்பது பலருக்குத் தெரியாது!

பழைய ஆங்கிலத்தில் இது இரண்டு சொற்கள். "டு" என்பதற்கு அப்போது "இல்" என்ற பொருளும் இருந்தது. அதனால் "டு டே" என்றால் "இந்த நாளில்". "டு நைட்" என்றால் "இந்த இரவில்". "டு மாரோ" என்றால் "காலையில்". அதுவே பிறகு "நாளை" என்று ஆனது.

1611-இல் அச்சான கிங் ஜேம்ஸ் பைபிளில் இவை இரண்டு சொற்களாகவே இருக்கின்றன. பின்னர் நடுவில் ஹைஃபன் என்னும் சிறு கோடு வந்தது. 1843-இல் வெளியான சார்லஸ் டிக்கன்ஸின் "எ கிறிஸ்மஸ் கேரல்" கதையில் "டு-டே" என்றுதான் அச்சிட்டிருக்கிறார்கள். 20-ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும் இந்தக் கோடு போகவில்லை. ஹெச்.டபிள்யூ. ஃபௌலர் 1926-இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில வழக்கு அகராதியில் இதைக் கிண்டல் செய்தார். கையால் எழுதும்போது யாரும் இந்தக் கோட்டைப் போடுவதில்லை, அச்சகத்தார்தான் விடாமல் சேர்க்கிறார்கள் என்பது அவர் வாதம். அதன்பின் வந்த ஆண்டுகளில் கோடு மெல்ல மறைந்து, "டுடே" ஒரே சொல்லாக நிலைத்தது.

ஏன் சேர்ந்தன? "டு" என்பதற்கு இருந்த அந்தப் பழைய பொருள் வழக்கொழிந்ததுதான் காரணம். ஒரு காலத்தில் "இந்த ஆண்டு" என்பதற்கு "டு இயர்" என்றுகூடச் சொன்னார்கள். அது பொது வழக்கிலிருந்து மறைந்தது. மிஞ்சிய மூன்றும் பிரிக்க முடியாதபடி உறைந்துவிட்டன.

"எவ்ரி டே" கதை வேறு. "எவ்ரி" இன்னும் உயிரோடு இருக்கும் சொல்; எவ்ரி வீக், எவ்ரி மன்த் என்று எதனோடும் வரும். ஆகவே "தினமும்" என்ற பொருளில் அது இரண்டு சொற்கள். சேர்த்து "எவ்ரிடே" என்று எழுதினால் "அன்றாட, சாதாரணமான" என்று பொருள். அது ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். சந்தேகம் வந்தால் நடுவில் "சிங்கிள்" என்ற சொல்லைப் போட்டுப் பாருங்கள். "எவ்ரி சிங்கிள் டே" என்று பொருந்தினால் பிரித்து எழுத வேண்டும்.

இதே போல "சம் டைம்" என்றால் கொஞ்ச காலம், "சம்டைம்" என்றால் என்றோ ஒரு நேரம், "சம்டைம்ஸ்" என்றால் சில சமயம். ஓர் இடைவெளி பொருளையே மாற்றிவிடுகிறது!

இன்னும் சில சொற்கள் சேர்ந்தது மட்டுமல்ல, அடையாளமே தெரியாமல் தேய்ந்தும் போயின. இரண்டு வாரத்தைக் குறிக்கும் "ஃபோர்ட்நைட்", "ஃபோர்ட்டீன் நைட்ஸ்", அதாவது பதினான்கு இரவுகள் என்பதன் சுருக்கம். ஏழு இரவுகளைச் சுருக்கி ஒரு வாரத்தைக் குறித்த "செனைட்" என்ற சொல்லும் இருந்தது. இன்று அதைப் பழைய நூல்களில்தான் பார்க்கலாம்.

சேர்ப்பதா பிரிப்பதா என்பதை முதலில் முடிவு செய்வது பேசுபவர்களும் எழுதுபவர்களும்தான். அகராதி பின்னால் வந்து பதிவு செய்கிறது. "எனிமோர்" என்பதை அமெரிக்கர்கள் சேர்த்தும், பிரிட்டனில் பெரும்பாலும் பிரித்தும் எழுதுவது அதற்கு நல்ல உதாரணம்.

தேர்வில் இன்றைய வழக்குப்படி எழுதுவதே பாதுகாப்பு. ஆனால் நூலகத்தில் ஒரு பழைய ஆங்கில நாவலில் "டு-டே" என்று கண்ணில் பட்டால், அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள் நண்பர்களே!